கில்மன் வீட்டு நோயாளி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் கவிதை பற்றிப் பேச வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. அக்கட்டளையை முற்றிலும் மீறாமலும், முற்றிலும் நிறைவேற்றாமலும், இன்று நான் ஒரு மருத்துவரைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அவர் பெயர் ஜேம்ஸ் கில்மன். இலண்டனுக்கு வடக்கே ஹைகேட் என்னும் குன்றூரில் வாழ்ந்தவர். காய்ச்சலுக்கும் கைமுறிவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அவ்வூரார் அழைத்த பொது மருத்துவர். வெறிநாய்க்கடி பற்றி 1812இல் ஒரு நூல் எழுதியவர். அவருடைய வீட்டில் ஓர் ஆங்கிலக் கவிஞர் நோயாளியாக வந்து சேர்ந்தார். ஒரு மாதம் தங்குவதாக ஏற்பாடு. அவர் அவ்வீட்டிலேயே பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, அங்கேயே இறந்தார். சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் என்னும் அக்கவிஞரை இங்குள்ள பலரும் கல்லூரி வகுப்பறையில் சந்தித்திருப்பீர்கள். அவரைக் காத்த மருத்துவரை எந்த வகுப்பறையும் அறிமுகப்படுத்துவதில்லை.

போதைப் பொருளுக்கு ஆட்பட்ட ஒருவர் முதலில் யாரிடம் வருகிறார்? பெரும்பாலும் சிறப்பு மருத்துவரிடம் வருவதில்லை. தெருமுனையில் மருத்துவம் பார்க்கும் பொது மருத்துவரிடமே வருகிறார். அதுவும் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. உறக்கம் இல்லை, வயிறு சரியில்லை, மூட்டு வலிக்கிறது என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வருகிறார். அவரை அந்த மருத்துவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதில் அவருடைய எஞ்சிய வாழ்நாள் தங்கியிருக்கிறது. இதனை விளக்கக் கோல்ரிட்ஜின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று இலக்கிய உலகில் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்ள வேண்டும். 'குப்ளா கான்' என்னும் அவருடைய 54 அடிக் கவிதை அபினி மயக்கத்தில் கண்ட கனவு என்பது நம் ஆங்கில ஆசிரியர்கள் சுவைபடச் சொல்லும் கதை. கதையைப் பரப்பியவர் கவிஞரே. அக்கவிதையின் முன்னுரையில் அவரே எழுதினார்: மருந்துண்டு உறங்கினார், உறக்கத்தில் இருநூறு முந்நூறு அடிகள் தாமாகத் தோன்றின, விழித்து எழுதத் தொடங்கியபோது போர்லாக் என்னும் ஊரிலிருந்து ஒருவர் அலுவல் நிமித்தமாக வந்து கெடுத்துவிட்டார். போர்லாக்கிலிருந்து வந்த அந்த மனிதரைத் திட்டாத கவிஞர் உலகில் இல்லை. கவிதையின் கையெழுத்துப் படியொன்றில் வேறொரு குறிப்பும் உண்டு. வயிற்றுப்போக்கை நிறுத்துவதற்காக இரண்டு கிரெய்ன் அபினி உட்கொண்டபோது எழுந்த கவிதை அது என்று அதில் காண்கிறோம். ஒரு நோயாளி தமக்குத் தெரிந்த மருந்தை உட்கொண்டார் என்ற அளவில் செய்தி அங்கு மிக எளிமையாக நிற்கிறது.

அக்கவிதை எழுந்தது 1797இல். அச்சேறியதோ 1816இல், அதாவது கில்மன் வீட்டுக்குக் கவிஞர் குடிபுகுந்த அதே ஆண்டில். ஜான் மரே வெளியிட்ட அச்சிறு நூலில் மூன்று கவிதைகள் இருந்தன. 'கிறிஸ்டபெல்' ஒன்று, 'குப்ளா கான்' இரண்டு. மூன்றாவதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. 'உறக்கத்தின் வேதனைகள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 1803இல் ஸ்காத்லாந்துப் பயணத்தின்போது அபினியைக் குறைக்க முயன்று, இரவுதோறும் அலறி எழுந்த ஒரு மனிதரின் கவிதை அது. அப்பயணத்தில் அவர் வேர்ட்ஸ்வொர்த் உடன்பிறப்புகளைப் பிரிந்து எட்டு நாள்களில் 263 மைல் தனியே நடந்தார். உறங்க அஞ்சியவர் நடக்கிறார். மருந்தை நிறுத்தியதால் எழுந்த துன்பம் அது என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை. ஒரே நூலின் இரண்டு கவிதைகளுள் கனவைத் தந்ததை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். கனவின் விலையைச் சொன்னதை விட்டுவிட்டோம்.

காலக்கணக்கு ஒன்றும் ஈண்டு நோக்கற்குரியது. 'முதிய மாலுமி' 1798இல் வெளிவந்தது. கவிஞரின் தலைசிறந்த கவிதைகளுள் பெரும்பகுதி 1797, 1798 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. அபினி அவரை இறுகப் பற்றியது 1800ஆம் ஆண்டுக்குப் பின், கெசிக் என்னும் ஈரம் மிகுந்த ஏரி நாட்டு ஊரில், மூட்டு வீக்கமும் வலியுமாகப் படுத்திருந்த காலத்தில். 1802இல் அவர் எழுதிய பெரும்பாட்டு, கற்பனை தம்மை விட்டு நீங்கியது குறித்த புலம்பல். அபினி கவிதையைத் தந்தது என்று வாதிடுவோர் இந்த ஆண்டு வரிசையை ஒருமுறை எழுதிப் பார்த்தால் போதும்.

அக்காலத்து இங்கிலாந்தில் அபினி ஒரு வீட்டு மருந்து. சாராயத்தில் கரைத்த அபினிக்கு 'லாடனம்' என்று பெயர். மளிகைக் கடையிலும் கிடைத்தது. பல்வலிக்கும் இருமலுக்கும் அழுகின்ற குழந்தைக்கும் கொடுத்தார்கள். அதன் விற்பனைக்குச் சட்டம் வரம்பு கட்டியது 1868இல்தான். எனவே கோல்ரிட்ஜ் செய்தது குற்றமும் அன்று, வியப்பும் அன்று. ஆனால் இம்மருந்துக்கு ஓர் இயல்பு உண்டு. உடல் அதற்குப் பழகிவிடும். நேற்று இருபது துளி தந்த ஆறுதலை இன்று நாற்பது துளி தந்தால்தான் உண்டு. நிறுத்தினாலோ கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப்போக்கு, எலும்பைப் பிழியும் வலி, உறக்கமின்மை. எந்த வலிக்காக முதலில் உண்டாரோ அதே வலி பன்மடங்காகத் திரும்பி வருவதாக நோயாளி எண்ணுவார். நோய் திரும்பியது, ஆகவே மருந்து வேண்டும் என்பது அவர் கணக்கு. மருந்தே இப்போது நோய் என்பதை உடல் அவருக்குச் சொல்லாது. டி குவின்சி என்னும் மற்றோர் எழுத்தாளர் தாம் ஒரு நாளைக்கு எண்ணாயிரம் துளி வரை சென்றதாக 1821இல் எழுதினார்.

நண்பர்கள் என்ன செய்தார்கள்? நண்பர்கள் என்றால் சாதாரண நண்பர்கள் அல்லர், கவிஞர்கள். 1810இல் மாண்டகு என்பவர் கோல்ரிட்ஜைத் தம் இலண்டன் வீட்டில் தங்கவைக்க முன்வந்தபோது, வேர்ட்ஸ்வொர்த் அவரைத் தனியே எச்சரித்தார். மாண்டகு அந்த எச்சரிக்கையைக் கோல்ரிட்ஜிடமே கொட்டிவிட்டார். இரு பெருங்கவிஞர்களின் நட்பு அதன்பின் பழைய நிலைக்கு மீளவே இல்லை. 1814இல் பிரிஸ்டல் நகரத்துப் பதிப்பாளர் ஜோசப் காட்டில், தாம் வியந்து போற்றிய கவிஞர் அபினியில் ஆழ்ந்திருப்பதை அறிந்து, அறிவுரையாக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கோல்ரிட்ஜின் மறுமொழி நெஞ்சை அறுப்பது. வலிக்காகத் தொடங்கியதையும், எத்தனை முறை விடமுயன்று தோற்றார் என்பதையும் சொல்லி, பணம் மட்டும் இருந்தால், மருத்துவர் தருவதைத் தவிர வேறெதுவும் கைக்கு எட்டாத ஒரு தனியார் மனநோய் மனையில் தம்மை அடைத்துக்கொள்வதாக எழுதினார். அடைத்துவைக்குமாறு தாமே கேட்கும் ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். காட்டில் பணம் திரட்ட எண்ணி, கோல்ரிட்ஜின் மைத்துனி கணவரான கவிஞர் சதேயிடம் கருத்துக் கேட்டார். சதே மறுத்தார். வலி என்பதெல்லாம் சாக்கு, உண்மைக் காரணம் விருப்பமும் இன்ப நாட்டமுமே என்பது சதேயின் தீர்ப்பு. சதே கொடியவர் அல்லர். கோல்ரிட்ஜின் மனைவியையும் மக்களையும் தம் வீட்டில் வைத்துப் பேணியவர் அவரே. சுமையைச் சுமந்தவருக்குச் சினம் கொள்ள உரிமை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அச்சினம் ஒரு நோயறிதல் ஆகாது.

அதே 1814இல் பிரிஸ்டலில் ஒரு மருத்துவ முயற்சியும் நடந்தது. நண்பர் வேட் என்பவரின் வீட்டில் தங்கவைத்து, துளிகளைப் படிப்படியாகக் குறைத்து, வெளியே செல்லும்போது பின்தொடர ஓர் ஆளையும் அமர்த்தினார்கள். கவிஞர் அந்த ஆளை ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அப்பால் அனுப்பிவிட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்து குப்பியை நிரப்பிக்கொண்டார். காவலுக்கு ஆள் வைத்தால் நோயாளியின் அறிவுத்திறன் முழுதும் காவலை ஏய்ப்பதில் செலவாகும். கோல்ரிட்ஜின் அறிவுத்திறனோ ஐரோப்பாவே வியந்த ஒன்று!

இவ்விடத்தில் நம் மரபுக்குத் திரும்புகிறேன். வள்ளுவர் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என்னும் நான்கின் கூட்டு என்று வகுத்தார். உரை கண்ட பரிமேலழகர் அந்நான்கு ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகள் உண்டென விரித்துரைக்கின்றார். நோயாளிக்கு அவர் கூறும் இயல்புகள் எவை? கையில் பொருள் இருத்தல். மருத்துவர் சொற்படி நடத்தல். தன் நோயின் நிலையை எடுத்துச் சொல்ல வல்லனாதல். சிகிச்சையால் வரும் துன்பத்தைப் பொறுத்தல்.

போதைக்கு ஆட்பட்ட நோயாளியை இந்த நான்கின் முன் நிறுத்திப் பாருங்கள். பொருளை அப்பழக்கமே தின்றுவிட்டிருக்கும். மருத்துவர் சொல்லுக்கு எதிரே வேறொரு குரல் அவருடைய உடம்புக்குள்ளேயே கட்டளையிடும். நோய்நிலையை அவர் மறைப்பார், குறைத்துச் சொல்வார், பொய் சொல்வார். சிகிச்சையின் துன்பமோ அவர் பொறுக்க மாட்டாத அந்த ஒரே துன்பம். மற்ற நோய்கள் உடம்பைத் தாக்குகின்றன. இந்நோய், நோயாளியாக இருப்பதற்கு வேண்டிய தகுதிகளையே முதலில் தாக்குகிறது. இத்தகைய நோயாளியைப் பார்த்ததும் மருத்துவருக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அவர் படித்த இலக்கணத்துக்குள் இந்த நோயாளி அடங்குவதில்லை. பரிமேலழகர் மருத்துவருக்குக் கூறும் இயல்புகளுள் முதலாவது, நோயைக் கண்டு அஞ்சாமை. தொற்றுநோயை எண்ணி அவர் அதனைச் சொல்லியிருக்கலாம். எனக்கோ அச்சொல் கில்மனை நினைவூட்டுகிறது.

1816 ஏப்ரல் 9ஆம் நாள் இலண்டன் மருத்துவர் ஜோசப் ஆடம்ஸ் கில்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கற்றறிந்த, ஆனால் ஒரு வகையில் நற்பேறற்ற மனிதர் ஒருவர் நெடுங்காலமாக அபினி உண்கிறார், விட முயல்கிறார், அவருக்கு லாடனத்தை மறுக்கும் துணிவுள்ள ஒரு மருத்துவர் வீட்டில் தங்க விரும்புகிறார் என்பது செய்தி. கில்மனுக்கு அப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது. வீட்டில் வேற்றாளை வைத்துக்கொள்ளும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. ஏப்ரல் 12 மாலை கோல்ரிட்ஜ் நேரில் வந்தார். பேசினார். அவ்வளவுதான். அவர் பேச்சைக் கேட்டவர் எவரும் தம் முந்தைய எண்ணத்தோடு வீடு திரும்பியதில்லை. கில்மனோ தம் வீட்டிலேயே இருந்தார்!

மறுநாள் கவிஞர் எழுதிய கடிதமே இவ்வரலாற்றின் உயிர்நிலை. மற்றெந்தச் செய்தியிலும் தம்மிடம் பொய்யைக் காண மாட்டீர்கள் என்றும், ஆனால் இந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை தாம் ஏமாற்றக் கூடியவர் என்றும், ஆகவே முதல் வாரம் தம்மைத் தனியே வெளியே விடக் கூடாது, வேலையாட்களுக்கும் மருந்து கலக்கும் உதவியாளருக்கும் உறுதியான ஆணை இடவேண்டும் என்றும் அதில் எழுதினார். நோயாளிக்குரிய நான்கு இயல்புகளுள் மூன்றை இழந்துவிட்ட மனிதர், நான்காவதை முழுமையாகச் செய்கிறார். 'நான் பொய் சொல்வேன்' என்னும் உண்மையைச் சொல்கிறார். நோய்நிலை உணர்த்தல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைப் பரிமேலழகரே கேட்டிருக்க மாட்டார். ஏப்ரல் 15ஆம் நாள், 'கிறிஸ்டபெல்' அச்சுப் பிழைத்திருத்தத் தாள்களைக் கையிலேந்தி அவர் குடிபுகுந்தார்.

கில்மன் செய்த மருத்துவம் என்ன? லாடனத்தை அடியோடு நிறுத்திவிட அவரால் இயலவில்லை. அளவைக் குறைத்து, அளவை முறைப்படுத்தி, தம் கையால் கொடுத்துவந்தார். உணவு, உறக்கம், நடை, வேலை என்று ஒரு நாளொழுங்கை உண்டாக்கினார். மாடியில் ஓர் அறை, புத்தகங்கள், கீழே தோட்டம். அவருடைய மனைவி ஆன் கில்மன் அம்மையார் அக்கவிஞரைத் தம் குடும்பத்தில் ஒருவராகவே நடத்தினார். இலையுதிர் காலங்களில் ராம்ஸ்கேட் கடற்கரைக்கு அழைத்துச் செல்வார்கள். ஹாரியட் மேக்லின் என்னும் பணிப்பெண் அவரைப் பராமரித்தார். உடனிருந்து பணி செய்பவரை வள்ளுவர் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணினார் அன்றோ? தம் இறுதி நாள்களில் கோல்ரிட்ஜ் எழுதிய குறிப்பொன்றில், தமக்குப்பின் ஹாரியட்டுக்குத் தக்க தொகை வழங்குமாறு நண்பர்களை இரந்து கேட்டுக்கொண்டார்.

அவர் ஏமாற்றவில்லையா? ஏமாற்றினார். ஹைகேட் கடைத்தெருவில் டன் என்பவரின் மருந்துக் கடை இருந்தது. அங்கிருந்து லாடனம் மறைவாக வந்துகொண்டிருந்தது. கடையில் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் பிற்காலத்தில் அதனை எழுதிவைத்தார். சிற்றூர் ஒன்றில், அதுவும் மருத்துவருக்கு நன்கு பழக்கமான மருந்துக் கடையில் நடப்பது மருத்துவர் காதுக்கு ஆண்டுக்கணக்கில் எட்டாமல் இருக்குமா? எட்டியிருக்கும் என்பதே என் துணிபு. எட்டியபோதும் அவர் நோயாளியை வெளியேற்றவில்லை. கண்டும் காணாமல் இருப்பது சில இடங்களில் கோழைத்தனம். இங்கு அது மருத்துவத்தின் ஒரு பகுதியாக இருந்தது என்று கருதுகிறேன். மாறுபட்ட கருத்துடையோர் இங்கிருக்கலாம். கணவனின் குப்பியைக் கண்டும் காணாதிருந்து நலிந்த பெண்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர் என்று அவர்கள் சொல்லக்கூடும். அந்த வேறுபாட்டை உணர்ந்தே சொல்கிறேன். மனைவிக்குக் கையில் அளவுக் குடுவை இல்லை, கில்மனுக்கு இருந்தது.

விளைவைப் பாருங்கள். 1817இல் 'பயோகிராஃபியா லிட்டரேரியா' வெளிவந்தது. இன்று திறனாய்வு பயிலும் எந்த மாணவரும் கற்பனையைப் பற்றி அந்நூலைத் தொடாமல் பேச முடியாது. அதே ஆண்டில் கவிதைத் தொகுப்பு. 1825இல் சிந்தனைக்குத் துணையாகும் சமய நூல். ஷேக்ஸ்பியர் பற்றிய சொற்பொழிவுகள். ஹைகேட் குன்றின்மேல் அவர் பேச்சைக் கேட்க இளைஞர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். கார்லைல் வந்தார், பின்னாளில் ஏளனமாக எழுதினார். 1833இல் அமெரிக்காவிலிருந்து எமர்சன் வந்தார். 1819 ஏப்ரலில் ஒருநாள் வழியில் ஜான் கீட்ஸ் எதிர்ப்பட்டார். கோல்ரிட்ஜுடன் நடந்துவந்த கிரீன் என்னும் அறுவை மருத்துவர், மருத்துவ மாணவராயிருந்த கீட்ஸுக்குப் பாடம் சொல்லித்தந்தவர். மருத்துவத்தை விட்டுக் கவிதைக்கு வந்தவரும், கவிதையிலிருந்து மருத்துவத்தின் கைக்கு வந்தவரும் சந்தித்த அந்தச் சிறு நடை எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது.

அபினி விட்டதா என்று கேட்டால், இல்லை, இறுதிவரை விடவில்லை. கில்மன் தோற்றாரா என்று கேட்டால், என்ன மறுமொழி சொல்வது? வள்ளுவர் மருத்துவரைத் 'தீர்ப்பான்' என்னும் சொல்லால் குறிக்கின்றார். தீர்ப்பவர் என்ற அளவுகோலால் அளந்தால் கில்மன் தோற்றவரே. ஆனால் 1814இல் மனநோய் மனையில் தம்மை அடைக்கக் கெஞ்சிய மனிதர், அதன்பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார், எழுதினார், நண்பர்களை மீட்டுக்கொண்டார். தீராத நோயோடு ஒருவரை வாழவைப்பதற்கும் ஒரு பெயர் வேண்டும். காப்பான் என்னலாமா? புலவர்கள் கூடியுள்ள இவ்வவையில் நல்ல சொல்லை நீங்களே ஆக்கித் தரலாம்.

பிற்காலச் சட்டம் இந்த வினாவிலேயே இரண்டு பட்டது. அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம் வந்தது. பழக்கத்தைத் தொடர்ந்து நிலைநிறுத்தவே ஒரு மருத்துவர் மருந்தெழுதித் தருவது மருத்துவத் தொழிலாகாது என்று 1919இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிற்று. மருத்துவர்கள் பலர் வழக்குக்கு உள்ளாயினர். எஞ்சியோர் இத்தகைய நோயாளிகளுக்குக் கதவைச் சாத்தினர். இங்கிலாந்திலோ சர் ஹம்ப்ரி ரோல்ஸ்டன் தலைமையில் அமைந்த குழு 1926இல் வேறு முடிவுக்கு வந்தது. படிப்படியாகக் குறைக்கப்பட்டு வரும் நோயாளிக்கும், முயன்றும் விட இயலாமல் ஆனால் சிறிதளவு மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் பயனுள்ள வாழ்க்கை நடத்தக்கூடிய நோயாளிக்கும் மருத்துவர் மார்ஃபினோ ஹெராயினோ எழுதித்தரலாம் என்றது அக்குழு. இரண்டாம் வகையின் விளக்கத்தைப் படிக்கும்போது ஹைகேட் மாடியறைதான் என் கண்முன் நிற்கிறது. குழுவினர் கோல்ரிட்ஜை நினைத்தார்களோ இல்லையோ, கில்மன் செய்ததற்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து அரசு இலக்கணம் வகுத்தது என்க.

அந்த ஏற்பாடும் அப்படியே நிலைக்கவில்லை. 1960களில் இலண்டனில் ஒருசில மருத்துவர்கள் வரம்பின்றி ஹெராயின் எழுதித் தந்தமையால், 1968 முதல் அதனை உரிமம் பெற்ற மருத்துவர்களுக்கும் தனி மருத்துவ மனைகளுக்கும் உரியதாக்கினர். பொது மருத்துவர்கள் ஒதுங்கினர். 1980களில் ஹெராயின் ஏழைக் குடியிருப்புகளில் பரவியபோது நோயாளிகள் மீண்டும் அவர்கள் வாயிலிலேயே வந்து நின்றார்கள். எடின்பரோ நகரின் மியூர்ஹவுஸ் குடியிருப்பில் பணியாற்றிய ராய் ராபர்ட்சன் என்னும் பொது மருத்துவரும் உடன்பணியாளரும், ஊசி வழியே ஹெராயின் ஏற்றிக்கொண்ட தம் நோயாளிகளின் குருதியைச் சோதித்து, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியிருந்ததை 1986இல் வெளியிட்டனர். ஊசிகளுக்குத் தட்டுப்பாடு, ஆதலால் ஒன்றையே பலர் பயன்படுத்தினர். அந்நோயாளிகளை அவர் அறிந்திருந்தது அவர்களை ஒழுக்கங்கெட்டவர் என விரட்டாமல் வைத்திருந்ததால்தான். விரட்டியிருந்தால் நோய் பரவியதும் தெரிந்திராது. நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்னும் மருத்துவ இணையர் 1965இல் மெதடோன் என்னும் மாற்று மருந்தை நாள்தோறும் அளந்து கொடுக்கும் முறையை நிறுவினர். உலக சுகாதார நிறுவனம் 2005இல் மெதடோனையும் புப்ரெனார்ஃபினையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

கவிஞர்கள் அவையில் இதனைப் பேச ஒரு காரணம் உண்டு. நம் இலக்கியக் கூட்டங்களில் இறந்த கவிஞரைப் பற்றிப் பேசும்போது அவருடைய குடியை ஓர் அணிகலனாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 'அவன் குடித்தான், அதனால் பாடினான்' என்று கைதட்டல் பெறுகிறோம். வேறு சிலர் முகத்தைச் சுளித்து, அவர் பெயரையே அழைப்பிதழிலிருந்து நீக்குகிறோம். முன்னவர் போர்லாக் கதையை நம்புகிறவர்கள். பின்னவர் சதேயின் வழியினர். இரு சாராருக்கும் இடையே அந்த மனிதர் வீட்டில் கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துத் தெரு மருத்துவரிடம் அவரை அழைத்துக்கொண்டு போக யாருக்கும் நேரம் இல்லை. இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்தின் இரங்கல் கூட்டங்களுக்கு வந்தவர்கள் நான் யாரைக் குறிக்கிறேன் என்று தேட வேண்டாம். ஒருவரை அல்ல.

மகன் ஹார்ட்லியின் கதையையும் இங்கே ஒரு வரியில் சொல்ல வேண்டும். அவரும் கவிஞர். ஆக்ஸ்ஃபோர்டு ஓரியல் கல்லூரியில் பெற்ற ஆய்வுறுப்பினர் பதவியை 1820இல் குடியின் பெயரால் இழந்தார். தந்தை கல்லூரித் தலைவரிடம் மன்றாடியும் பயனில்லை. அவருக்கு ஒரு கில்மன் வாய்க்கவில்லை. ஏரி நாட்டு உழவர் குடும்பங்களின் இரக்கத்தில் வாழ்ந்து முடிந்தார்.

கோல்ரிட்ஜ் 1834 சூலை 25ஆம் நாள் இறந்தார். தம் உடலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். வலி உண்மையானது, தாம் புனைந்தது அன்று என்று உலகம் அறிய வேண்டும் என்னும் ஏக்கமே அக்கோரிக்கையில் தெரிகிறது. திறந்து பார்த்தார்கள், இதயம் பெருத்திருந்தது. 1837இல் காட்டில் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு அபினிச் செய்திகளை எல்லாம் ஊரறியச் செய்தார். குடும்பத்தார் கொதித்தனர். ஆனால் தம் துயரத்தை இறந்தபின் வெளியிட்டு மற்றவர் பயன்பெறச் செய்யுமாறு 1814இல் வேட்டுக்குக் கடிதம் எழுதியவர் கோல்ரிட்ஜேதான்.

அடுத்த ஆண்டு, 1838இல், கில்மன் தம் நோயாளியின் வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதியை வெளியிட்டார். எழுத்தாளர் அல்லர் அவர். நூலில் நடை தடுமாறும், மேற்கோள் மிகும். எனினும் அந்த ஏப்ரல் 13ஆம் நாள் கடிதத்தை அவர் மறைக்காமல் அதில் அச்சிட்டார். ஹைகேட்டில் கழிந்த பதினெட்டு ஆண்டுகளை முழுமையாகச் சொல்ல வேண்டிய இரண்டாம் தொகுதி வெளிவரவே இல்லை. 1839இல் கில்மன் காலமானார்.